முழங்கால் மூட்டு மாற்ற இந்தியா போகலாமோ? யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பலாலியில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடச் சென்னை. கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போவதைவிட இது லேசு என்றான பிறகு, "அம்மாவின்ரை முழங்காலை இந்தியாவிலை செய்விப்பம்" என்ற கதை பல வீடுகளில் நடக்கிறது. காசு பெரும்பாலும் ரொறன்ரோவில் இருந்தோ லண்டனில் இருந்தோ வரும். காலைக் கொடுக்கப் போகிறவர் இங்கே இருக்கிறார். கீழே உள்ள பதில்கள் அவருக்கும் அவரோடு துணைக்குப் போகிறவருக்கும் எழுதப்பட்டவை. உங்கள் வைத்தியர் இதற்கு மாறாக ஏதும் சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

எனக்கு மூட்டு மாற்றத்தான் வேணுமோ? எக்ஸ்ரேயைப் பார்த்து எல்லாரும் தேய்ஞ்சு போச்சு எண்டு சொல்லுகினம்.

எக்ஸ்ரே மட்டும் இதைத் தீர்மானிப்பதில்லை. படத்தில் எலும்பும் எலும்பும் உரசுகிறது என்றிருக்கும். ஆளோ சந்தைக்கு நடந்து போய்வருவார். இன்னொருவருக்குப் படத்தில் தேய்மானம் கொஞ்சம்தான், ஆனால் இரவில் நோவால் நித்திரை இல்லை. நிபுணர் பார்ப்பது இவற்றைத்தான்: இரவு நோவு, எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, படி ஏறி இறங்க முடிகிறதா, கால் வளைந்துவிட்டதா, மற்ற வைத்தியங்களை ஒழுங்காகச் செய்து பார்த்தாயிற்றா. எக்ஸ்ரேயும் நின்றபடி எடுத்ததாக இருக்க வேண்டும். படுத்தபடி எடுத்த படத்தில் மூட்டு இடைவெளி உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும்.

தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சியைச் சில மாதங்கள் விடாமல் செய்வது, ஐந்தாறு கிலோ நிறை குறைப்பது, நோவுள்ள காலுக்கு எதிர்க் கையில் பொல்லுப் பிடிப்பது ஆகிய மூன்றும் சிலருக்குச் சத்திரசிகிச்சையை வருடக் கணக்கில் தள்ளிப்போட்டிருக்கின்றன. பாமசியில் நீங்களாக வாங்கி விழுங்கும் நோக்குளிசை அப்படியல்ல. சலரோகமும் பிரசரும் உள்ளவருக்கு அது சிறுநீரகத்தில் கைவைக்கும்.

இங்கையே செய்யலாம்தானே? ஏன் அங்கை போக வேணும்?

செய்யலாம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் என்பியல் சத்திரசிகிச்சைப் பிரிவு இருக்கிறது. கொழும்புத் தனியார் வைத்தியசாலைகளிலும் செய்கிறார்கள். அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசில்லை, ஆனால் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். செயற்கை மூட்டை நீங்கள் வாங்கிக் கொடுக்க வேண்டி வருமா என்பதைக் கிளினிக்கிலேயே கேளுங்கள். வசதி இல்லாதவர்கள் ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவி பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம்.

இந்தியா போவதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. நாளை முன்கூட்டியே குறித்துக்கொள்ளலாம், தமிழில் கதைக்கலாம், அங்கே இதை நிறையச் செய்து பழகிய கைகள் இருக்கின்றன. "அங்கை செய்தால் பிழைக்காது" என்பது மட்டும் காரணம் ஆகாது. எங்கே செய்தாலும் இது ஒரே சத்திரசிகிச்சை, ஒரே ஆபத்துகள்.

எதைத் தீர்மானித்தாலும் முதலில் யாழ்ப்பாணத்தில் ஒரு என்பியல் நிபுணரைப் பாருங்கள். "நான் இந்தியாவில் செய்விக்க யோசிக்கிறேன், திரும்பி வந்த பிறகு நீங்கள் பார்ப்பீர்களா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கூச்சம் வேண்டாம். முழங்காலை மாற்றுவது ஒன்றிரண்டு மணி நேர வேலை. அதற்குப் பிந்திய மூன்று மாதமும் நீங்கள் இருக்கப் போவது சுன்னாகத்திலோ சாவகச்சேரியிலோ. அந்த மூன்று மாதத்துக்குப் பொறுப்பான வைத்தியர் ஆர் என்று தெரியாமல் ரிக்கற் போட வேண்டாம்.

எந்த ஆஸ்பத்திரி நல்லது?

பெயரைச் சொல்லி இதற்குப் பதில் தருவது சரியில்லை. கட்டடத்தைவிடச் செய்யும் ஆளைப் பார்க்க வேண்டும். அந்த வைத்தியர் வருடத்துக்கு எத்தனை முழங்கால் மாற்றுகிறார், சத்திரசிகிச்சையை அவரே செய்வாரா அல்லது கீழுள்ளவர் செய்வாரா, கிருமித் தொற்று வந்தவர்கள் எத்தனை பேர், வந்தால் என்ன செய்வார் என்று கேளுங்கள். நல்ல வைத்தியர் இவற்றுக்கு முகம் சுளிக்க மாட்டார். வைத்தியசாலைக்கு என்.ஏ.பி.எச். என்ற இந்தியத் தரச் சான்றிதழ் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது ஓர் அடிப்படைத் தகுதி, அவ்வளவே.

இடைத்தரகர்களைப் பற்றி ஒரு சொல். "எல்லாம் நாங்கள் பாக்கிறம்" என்று வாகனம், லொட்ஜ், ஆஸ்பத்திரி மூன்றையும் ஒரே ஆள் ஒழுங்கு செய்து தருவது வசதியாகத்தான் இருக்கும். சிலருக்கு அதற்கு ஆஸ்பத்திரியிடம் இருந்து தரகு போகும், அந்தக் காசு உங்கள் பில்லில்தான் ஏறும். ஆஸ்பத்திரியின் வெளிநாட்டு நோயாளர் பிரிவோடு நேரே தொடர்புகொண்டு எழுத்தில் மதிப்பீடு வாங்கிவிட்டால், தரகர் சொல்லும் தொகையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். உங்கள் எக்ஸ்ரேயைக்கூடக் கேட்காமல் நாள் குறித்துத் தருகிறவர்களை விட்டு விலகுங்கள்.

எவ்வளவு முடியும்?

இங்கே ஒரு தொகையை எழுதினால் நாணய மாற்று வீதம் அதை அடுத்த மாதமே பொய்யாக்கிவிடும். தொகைக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பார்ப்பதே முக்கியம்.

மதிப்பீட்டில் பெரும்பாலும் சத்திரசிகிச்சை, மயக்க மருந்து, அறை, செயற்கை மூட்டு, சில நாள் பிசியோதெரபி இருக்கும். பெரும்பாலும் விடுபட்டுப் போவது: சத்திரசிகிச்சைக்கு முந்திய இருதயப் பரிசோதனைகள், குறித்த நாளைவிடக் கூட நின்றால் வரும் அறைச் செலவு, தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நாள் வைக்க வேண்டி வந்தால் அது, வீட்டுக்கு வாங்கும் மருந்து, வோக்கர், வெளியே தங்கும் அறை, துணைக்கு வந்தவரின் சாப்பாடு. முதல் மதிப்பீட்டுக்கு மேலே தாராளமாக ஒரு பங்கைக் கையிருப்பில் வையுங்கள்.

செயற்கை மூட்டின் விலையில் மட்டும் உங்களுக்கு ஒரு பிடி இருக்கிறது. 2017 ஆகஸ்ட் 16இல் இந்திய அரசு முழங்கால் மூட்டுகளுக்கு உச்ச விலை விதித்தது. அப்போது சாதாரண கோபால்ற்-குரோமியம் மூட்டுக்கு வரி தவிர 54,720 இந்திய ரூபாய், ரைற்றேனியம் வகைக்கு 76,600. அதற்கு முன் இதே பொருட்களை லட்சத்துக்கு மேல் விற்றார்கள். ஆகவே பில்லில் மூட்டின் விலை, கம்பனி, மாதிரி மூன்றும் தனித்தனியே எழுதித் தரக் கேளுங்கள். "இது விசேட இறக்குமதி" என்று பல மடங்கு சொன்னால் இப்போதைய உச்ச விலை என்னவென்று திருப்பிக் கேளுங்கள்.

காசைக் கட்டாகக் கொண்டுபோகாதீர்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால் ஆஸ்பத்திரிக் கணக்குக்கே நேரே அனுப்பச் சொல்லலாம். இங்கிருந்து அனுப்புவதானால் ஆஸ்பத்திரியின் கடிதத்தோடு உங்கள் வங்கிக்குப் போங்கள்.

சும்மா சுற்றுலா விசாவில போய்ச் செய்யேலாதோ?

செய்யாதீர்கள். திட்டமிட்ட சத்திரசிகிச்சைக்கு மருத்துவ விசா எடுக்க வேண்டும். ஆஸ்பத்திரி தன் கடிதத்தாளில் அழைப்பு அனுப்பும். அதை வைத்து இணையத்தில் இ-மெடிக்கல் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். துணைக்குப் போகிறவருக்குத் தனியே உதவியாளர் விசா உண்டு, ஒரு நோயாளிக்கு இரண்டு பேர் வரை. இறங்கிய நாளில் இருந்து 60 நாள், அதற்குள் மூன்று தரம் உள்ளே போகலாம். புண் ஆறப் பிந்தினால் அங்கிருந்தே நீடிக்க விண்ணப்பிக்க வழி இருக்கிறது. இணையத்தில் அரச தளம் போலவே தோற்றம் காட்டிக் கூடக் காசு அறவிடும் தளங்கள் நிறைய உள்ளன, கவனம். கணினியோடு மல்லுக்கட்ட விருப்பமில்லாதவர்கள் 2010 முதல் யாழ்ப்பாணத்தில் இயங்கும் இந்தியத் துணைத் தூதரகத்தின் வழியாக விண்ணப்பிக்கும் முறையை விசாரிக்கலாம்.

அங்கே வீடோ அறையோ எடுத்துத் தங்கினால், வெளிநாட்டவர் தங்குவதாக உரிமையாளர் அரசுக்குப் படிவம் பதிய வேண்டும் (நெடுங்காலம் இதைச் "சி" படிவம் என்பார்கள்). "அதெல்லாம் தேவையில்லை" என்று சொல்லும் இடத்தில் தங்க வேண்டாம்.

விமானமோ, கப்பலோ?

போகும்போது எதிலும் போங்கள். காங்கேசன்துறை–நாகபட்டினம் கப்பல் 2023 ஒக்ரோபரில் தொடங்கி, நின்று, 2024 ஓகஸ்ட்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. நாலு மணி நேரமளவு எடுக்கும், வடகீழ்ப் பருவக்காற்றில் கடல் குழம்பினால் நிறுத்திவிடுவார்கள். திரும்பும்போது ஆடும் கப்பலும் ஏணிப்படியும் புதுக் காலுக்குச் சரிவராது.

பலாலிக்கு வருவது சிறிய ஏ.டி.ஆர். விமானம். நிலத்தில் நடந்து போய்ப் படியேறித்தான் உள்ளே போக வேண்டும். ரிக்கற் போடும்போதே சக்கர நாற்காலி வேண்டும் என்று பதிந்துவிடுங்கள். திரும்பும் பயணத்துக்கு நடைபாதை ஓர இருக்கை எடுங்கள். மாற்றிய கால் எந்தப் பக்கமோ அந்தக் காலை நடைபாதைப் பக்கம் நீட்டக் கூடியதாகப் பார்த்து எடுப்பது நல்லது.

போக முதல் இங்கை என்ன செய்ய வேணும்?

சலரோகம் கட்டுக்குள் இருக்க வேண்டும். இரத்தத்தில் சீனியின் மூன்று மாதச் சராசரி காட்டும் எச்.பி.ஏ.1.சி. கூடுதலாக இருந்தால் நல்ல வைத்தியர் நாளைத் தள்ளிப்போடுவார். அங்கே போய் அறை வாடகை கொடுத்துக்கொண்டு சீனியைக் குறைப்பதைவிட இங்கே குறைத்துக்கொண்டு போவது மலிவு. பல்லைப் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். சூத்தைப் பல்லில் இருக்கும் கிருமி இரத்தத்தின் வழியாகப் புது மூட்டில் போய்க் குடியேறக் கூடும். சிறுநீர் எரிவு, காலில் புண், நகச்சுற்று ஒன்றையும் மறைக்காதீர்கள். அண்மையில் முழங்காலுக்குள் ஸ்ரெரொயிட் ஊசி போட்டிருந்தால் மூன்று மாதம் கழியட்டும், தொற்று ஆபத்து அதனால் கூடும். சுருட்டுப் பழக்கம் உள்ள அப்பாமார் இப்போதே நிறுத்த வேண்டும்.

இருதயத்துக்காக இரத்தத்தைக் கட்டியாகாமல் வைக்கும் குளிசை குடிப்பவர்கள் அதை எப்போது நிறுத்துவது என்பதை இங்குள்ள இருதய வைத்தியரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு போங்கள். கைதடியிலோ வேறிடத்திலோ எடுக்கும் சித்த மருந்துகளையும் மயக்க மருந்து வைத்தியரிடம் சொல்லுங்கள். "அது இங்கிலீஷ் மருந்தில்லைத்தானே" என்று விட்டுவிடுகிறவர்கள்தான் கூட.

ஒரே தரத்தில ரெண்டு காலையும் மாத்தினால் பயணச் செலவு மிச்சமெல்லோ?

மிச்சம்தான். ஆனால் செலவை வைத்து முடிவெடுக்கும் விடயமல்ல இது. இரண்டையும் ஒன்றாகச் செய்தால் இரத்த இழப்பு கூட, இருதயத்துக்கும் நுரையீரலுக்கும் சுமை கூட. வயது குறைந்த, இருதயம் நல்லாயுள்ள சிலருக்குச் செய்வார்கள். எழுபத்தைந்து வயதில், சலரோகத்தோடு, "வந்ததுக்கு ரெண்டையும் முடிப்பம்" என்று பிள்ளைகள் நெருக்குவது சரியில்லை. ஊன்றி நிற்க ஒரு கால் வேண்டுமே.

ரோபோவால செய்தால் நல்லமோ?

பெரும்பாலான ரோபோக்கள் தானாக வெட்டுவதில்லை. வைத்தியரின் கையை வழிநடத்தும் கருவிகள் அவை. எலும்பை வெட்டும் கோணம் துல்லியமாக அமையும். நீண்ட காலத்தில் நோவோ நடையோ அதனால் தெளிவாகக் கூடுதல் நல்லதென்று காட்டப்படவில்லை. காசு கூட.

எத்தனை நாள் நிக்க வேணும்? ஆர் கூடப் போறது?

ஆஸ்பத்திரிக்குள் மூன்று தொடக்கம் ஐந்து நாள். தையலோ பின்னோ கழற்றப் பத்து தொடக்கம் பதினாலு நாள். அதையும் அங்கேயே முடித்து, வைத்தியர் ஒருதரம் பார்த்த பிறகு வெளிக்கிடுவதாக வைத்தால் இரண்டு மூன்று கிழமை வேண்டும்.

கூடப் போகிறவருக்குத் தூக்கிப் பிடிக்கப் பலம் வேண்டும். கக்கூசுக்கு இரவில் மூன்று தரம் எழுப்பினாலும் சினக்காத ஆளாக இருக்க வேண்டும். அப்பாவுக்குத் துணையாக முழங்கால் நோவுள்ள அம்மாவையே அனுப்புவது நடக்கிறது; இரண்டு பேரும் கஷ்டப்படுவார்கள்.

சத்திரசிகிச்சை முடிஞ்ச கையோடை எப்பிடி இருக்கும்?

பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே விறைக்க வைத்துச் செய்வார்கள். அன்றோ மறுநாளோ வோக்கரோடு நிறுத்துவார்கள். நோவு இருக்கும். முதல் இரண்டு கிழமை இலேசான காலம் என்று சொல்கிறவரை நம்பாதீர்கள். பிசியோதெரபிக்கு அரைமணி முன்னதாக வைத்தியர் தந்த நோக்குளிசையை எடுத்தால் பயிற்சி ஓரளவு தாங்கக் கூடியதாக இருக்கும்.

வீட்டாரின் பாசத்தால் வரும் ஒரு கெடுதியைச் சொல்ல வேண்டும். நோகிறதே என்று முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்துவிடுவார்கள். அந்த நேரம் சுகமாக இருக்கும். கால் மடிந்தபடியே இறுகத் தொடங்கும், பிறகு நேராக நீளாது, வாழ்நாள் முழுக்க நொண்டல். தலையணையை வைப்பதானால் குதிக்காலுக்குக் கீழே வையுங்கள். முழங்கால் அந்தரத்தில் நின்று தன் பாரத்தாலேயே நீளட்டும். நோகும், ஏசுவார், வையுங்கள். மடக்கும் பயிற்சியில் எல்லாருக்கும் கண் இருக்கும், நீட்டும் பயிற்சியை மறந்துவிடுவார்கள்.

உடனே பிளேன் ஏறலாமோ?

உங்கள் சத்திரசிகிச்சை நிபுணர் "பறக்கத் தகுதி" என்று எழுதித் தந்த பிறகு. ஆபத்து என்னவென்றால், காலின் நாளத்தில் இரத்தம் கட்டியாகி, அது கழன்று நுரையீரலை அடைத்துவிடலாம். பலாலிக்கு வரும் குறுகிய பறப்பு அவ்வளவு பயமில்லை. சென்னையில் செய்துவிட்டு நேரே கனடாவுக்குப் பிள்ளையிடம் போகலாம் என்ற திட்டம்தான் பிழை. நீண்ட விமானப் பயணத்தை மூன்று மாதம் வரை தவிர்க்கச் சொல்வது வழக்கம். கட்டியாகாமல் இருக்கத் தந்த மருந்தைச் சொன்ன நாள்வரை எடுங்கள். தண்ணி குடியுங்கள், இருந்தபடியே பாதத்தை மேலும் கீழும் அசையுங்கள்.

விமான நிலையக் கதவு "கீ" என்று கத்தக்கூடும். உள்ளே உலோகம் இருக்கிறது என்று முதலே சொல்லிவிடுங்கள், அவர்கள் தனியே சோதித்துப் பார்க்கக் கூடும்.

வீட்டிலை என்ன மாத்தி வைக்க வேணும்?

குந்தும் கக்கூசு மட்டும் இருக்கிற வீட்டில் கொமட் கதிரை ஒன்று போக முதலே வாங்கி வையுங்கள். கட்டில் உயரமாக, கதிரை கைபிடியோடு இருக்கட்டும். சாக்கு மிதியடிகளை எடுத்துவிடுங்கள். யாழ்ப்பாணத்து வீட்டில் மிக ஆபத்தான இடம் கிணற்றடி: பாசி, சவர்க்கார நுரை, சரிந்த சீமெந்து. மூன்று மாதத்துக்கு அங்கே குளிப்பு வேண்டாம். குளியலறையில் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து, சுவரில் பிடி போட்டுக் குளிக்கட்டும். புண் முழுக்க மூடி ஆறும்வரை அதில் தண்ணி படக் கூடாது.

முறிவு நெரிவு வைத்தியரிட்டை எண்ணெய் போட்டு உருவலாமோ?

புது மூட்டை இழுத்து உருவ வேண்டாம், புண்ணில் எண்ணெய் வேண்டவே வேண்டாம். ஆறிய தழும்பை எப்படி மெல்ல நீவுவது என்று பிசியோதெரபிக்காரரே காட்டித் தருவார்.

சைக்கிள் ஓடலாமோ? கோயிலிலை நிலத்திலை இருக்கலாமோ?

சைக்கிள் நல்ல பயிற்சி. முழங்கால் நூறு பாகைக்கு மேல் நல்லாய் மடிந்தால் பெடலைச் சுற்றலாம். முதலில் நிறுத்தி வைத்த சைக்கிளில், சீற்றை உயர்த்திப் பழகுங்கள். வீதியில் ஓட வைத்தியரைக் கேளுங்கள். விழுந்தால் சாதாரண முறிவைவிடச் சிக்கல்.

நிலத்தில் சப்பாணி கட்டுவதும் குந்துவதும் வேறு கதை. பெரும்பாலான மூட்டுகள் 110, 120 பாகை மடியும், குந்த அதைவிடக் கூட வேண்டும். மடிந்தாலும் நிபுணர்கள் பலர் வேண்டாம் என்பார்கள். நல்லூர்த் திருவிழா 25 நாளும் நடந்து போய்க் கும்பிடலாம். நிலத்தில் உருளும் பிரதட்டையும் விழுந்தெழும்பும் அடியழிப்பும் இனி மற்றவர்களுக்கு. தேவாலயத்தில் முழந்தாளிட்டால் மூட்டு உடையாது, ஆனால் பலருக்கு நோகும், தோல் விறைத்திருக்கும். மெத்தை வைத்துக்கொள்ளலாம், அல்லது இருந்தபடி செபிக்கலாம்.

எத்தனை வருசம் பாவிக்கும்?

2019இல் லான்செற் இதழில் வந்த ஆய்வு, முழு முழங்கால் மூட்டுகளில் ஏறத்தாழ 82 வீதம் 25 வருடம் தாக்குப்பிடிப்பதாகக் கணித்தது. மூட்டின் ஒரு பக்கத்தை மட்டும் மாற்றும் பாதி மூட்டில் 70 வீதம். எழுபது வயதில் மாற்றியவருக்குப் பெரும்பாலும் இது ஆயுளுக்குப் போதும். ஐம்பதில் மாற்றினால் இன்னொரு தரம் வரலாம். இரண்டாம் தரம் முதலாவதைவிடக் கடினம். மாற்றிய ஐந்து பேரில் ஒருவர் அளவில் "நினைச்ச மாதிரி வரேல்லை" என்று சொல்வதுண்டு என்பதையும் முன்னரே தெரிந்துவைத்திருங்கள்.

இங்கை வந்த பிறகு ஏதும் பிழைச்சால்?

கெண்டைக்கால் வீங்கி நொந்தால், புண்ணில் இருந்து நீர் கசிந்தால், சிவப்பு பரவினால், காய்ச்சல் வந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். திடீரென்று மூச்சு முட்டினாலோ நெஞ்சு நொந்தாலோ நிமிடம் பார்க்காமல் பெரியாஸ்பத்திரிக்கு. புண் கசிவுக்குப் பாமசியில் அன்ரிபயோற்றிக் வாங்கிக் குடிப்பது மிகக் கெட்ட வழி. கிருமியை மறைத்துவிடும், பிறகு எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்க முடியாமல் போகும். தொற்று நூறில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் வரும், ஆனால் வந்தால் முதல் நாட்களில் பிடிப்பதும் மாதம் கழித்துப் பிடிப்பதும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

அப்போது இங்குள்ள வைத்தியர் முதலில் கேட்பது "என்ன மூட்டு போட்டிருக்கு?" என்பது. ஆகவே டிஸ்சார்ஜ் நாளில் அவசரப்பட்டு வாகனம் ஏறாமல் இவற்றை வாங்குங்கள்: சத்திரசிகிச்சைக் குறிப்பு, மூட்டின் கம்பனி, அளவு, தொடரிலக்கம் உள்ள ஸ்ரிக்கர், முன்பின் எக்ஸ்ரேக்கள், கடைசி இரத்தப் பரிசோதனைகள், மருந்துகளின் வியாபாரப் பெயரோடு வேதிப் பெயரும் எழுதிய துண்டு. அங்குள்ள மருந்துப் பெயர்கள் பல இங்கே பாமசியில் தெரியாது. எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்துப் பிள்ளைகளுக்கும் அனுப்பி வையுங்கள். மூலப் பிரதி கைப்பைக்குள் இருக்கட்டும், பெட்டிக்குள் போடாதீர்கள். வந்து சேர்ந்த கிழமைக்குள், ஒரு பிரச்சினையும் இல்லாவிட்டாலும், போக முதல் கதைத்து வைத்த நிபுணரிடம் அந்தக் கோப்போடு போய்க் காலைக் காட்டுங்கள்.